மொறிஸ் மைனர்: வாங்குதலும் வைத்துப் பேணுதலும்

ஒரு பொருளை வாங்குதல் ஒரே நாளில் முடிந்துவிடும் காரியம். அதனை வைத்துப் பேணுதல் ஆண்டுக்கணக்கில் தொடரும் காரியம். காணிக்கும் வீட்டுக்கும் கறவைப்பசுவுக்கும் பொருந்தும் இவ்வுண்மை மோட்டார்க் காருக்கும் பொருந்தும். பசுவுக்குப் பசித்தால் அது கதறும். கேட்பவர் எழுந்து வைக்கோல் போடுவர். காரோ பெரும்பாலும் வாய் திறவாது தேய்ந்து, தெருவின் நடுவிலே ஒரு நாள் தன் குறையைத் தெரிவிக்கும். அப்பொழுது அதனுள் மனைவி மக்களும் இருக்கக்கூடும். ஆதலின், கார் வைத்திருப்போர் அதன் குறையை அது சொல்லுமுன்னரே அறிந்துகொள்ளும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளல் வேண்டும்.

இலங்கையிலே குடும்பக் கார் என்றவுடன் முதியோர் பலரின் மனக்கண்முன் தோன்றுவது மொறிஸ் மைனர். டாக்குத்தர், பிறக்கிறாசியார், தலைமையாசிரியர், தோட்டத்துக் கிளாக்கர் எனப் பல திறத்தாரும் அதனை வைத்திருந்தனர். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் நடுச்சாமத்தில் ஆசுபத்திரிக்கும் அந்த ஒரு வண்டியே ஓடியது. அவற்றுட் சில இன்றும் ஓடுகின்றன. அரை நூற்றாண்டைக் கடந்த வண்டி இன்னும் ஓடுகின்றதென்றால், செய்தவரின் திறமை அதற்குப் பாதிக் காரணம். வைத்திருந்தவரின் கவனம் மறுபாதிக் காரணம். இவ்விரண்டையும் முறையே நோக்குதல் தகும்.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோட் மண்டபத்தில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இவர் 1906ஆம் ஆண்டு, இன்று துருக்கியின் இஸ்மீர் எனப்படும் சிமிர்னா நகரிற் பிறந்தவர். பின்னர் 1959ஆம் ஆண்டில் வெளிவந்த மினி காரையும் இவரே வடிவமைத்தார். மைனரின் மாதிரி வண்டி செய்து முடிந்த பின்னர், அதன் அகலம் போதாதென்று இசிகோனிசுக்குத் தோன்றியது. வண்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டுவதே பொருத்தம் என முடிவு செய்தார். ஏற்கெனவே செய்து குவித்திருந்த பம்பர்களை என்செய்வது? அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து இணைத்தனர். ஆரம்பகால வண்டிகளின் பம்பர் நடுவே காணப்படும் அத்துண்டு, இக்கதைக்குச் சாட்சி கூறும். இந்த நான்கு அங்குலந்தான் வண்டிக்குத் தெருவிலே நிலைபேற்றையும் உள்ளே குடும்பத்துக்கு இடவசதியையும் அளித்தது.

ஓட்டுவோர் இவ்வண்டியைப் போற்றியமைக்கு வேறு காரணங்களும் உண்டு. பல்லும் பற்சட்டமும் சேர்ந்து இயங்கும் இதன் ஸ்டியறிங் திருப்பிய அளவுக்குத் தவறாது பணியும். முன்சில்லுகளைத் தாங்குவன முறுக்குண்டு மீளும் உருக்குச் சலாகைகள். ஒரு கலன் பெற்றோலில் 35 முதல் 40 மைல்வரை ஓடும் சிக்கனம் சம்பளக்காரருக்கு உகந்ததாயிற்று. 1960ஆம் ஆண்டு இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியாவில் அவ்வெண்ணிக்கையை எட்டிய முதற் கார் இதுவே. சலூன் வண்டியின் உற்பத்தி 1970இலும், மரச்சட்டம் பூட்டிய டிறவலர் வண்டியின் உற்பத்தி 1971இலும் நின்றன. அதுவரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன.

வண்டி வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது அது எந்த ஆண்டுக்குரியது என்பதே. முதல் வண்டிகளின் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர். 1952இல் 803 ஆகவும், 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் அது மாறியது. 1956ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றில் முன்கண்ணாடி நடுவிற் பிரிந்து இரண்டாக இருக்கும். பிற்பட்டவற்றில் வளைந்த ஒரே கண்ணாடியாக இருக்கும். எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பின்னாளில் மாற்றியிருத்தலும் உண்டு. ஆதலின், உதிரிப்பாகம் வாங்கச் செல்பவர் “மைனருக்கு ஒன்று தாருங்கள்” என்று கேட்டால் மட்டும் போதாது. எஞ்சின் இலக்கத்தையும் பழைய பாகத்தையும் கையோடு கொண்டு செல்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

இனி, நாளாந்தப் பேணலைக் கவனிப்போம். காலையில் வண்டியை எடுக்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கினாற் போதும். றேடியேற்றரில் தண்ணீர், எஞ்சினில் எண்ணெய், டயரிற் காற்று, பிறேக் மிதியின் உறுதி என்னும் நான்கையும் பார்த்தல் வேண்டும். வண்டி நின்ற இடத்தில் நிலத்தைப் பார்ப்பது ஐந்தாவது கடமை. கறுப்புத் துளி எஞ்சின் எண்ணெய். பழைய வண்டியில் அது சிறிது சிந்துவது வழக்கம். நிறமற்ற, வழுவழுப்பான ஈரம் சில்லின் உட்புறத்திற் கண்டால் அது பிறேக் எண்ணெயாக இருக்கலாம். அதனைச் சிறிதென்று விடுதல் ஆகாது.

தண்ணீரைப் பற்றி யாழ்ப்பாணத்தார்க்குத் தனியே ஒரு வார்த்தை சொல்லுதல் வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தது; அங்குள்ள கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். கேத்தலின் அடியிற் படியும் வெண்மையான படிவு றேடியேற்றரின் நுண்ணிய குழாய்களிலும் படியும். நாளடைவில் நீரோட்டம் குறைந்து எஞ்சின் கொதிக்கும். மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது செலவில்லாத பரிகாரம். கொதிக்கும் றேடியேற்றரின் மூடியை உடனே திறத்தல் கூடாது. அமுக்கத்தில் அடைபட்ட வெந்நீர் சீறி முகத்திற் பாயும். நிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, துணி சுற்றித் திறப்பதே முறை.

மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் பொனற்றுக்குள் “டிக், டிக்” என்று ஓசை கேட்கும். காபரேற்றர் நிறைந்ததும் ஓசை அடங்கும். பழகிய செவிக்கு இவ்வோசை வைத்தியருக்கு நாடி போன்றது. ஓசை எழவேயில்லை என்றால் பம்பினுள் மின்முனைகள் கருகியோ ஒட்டியோ இருக்கலாம். ஸ்பானரின் பிடியால் மெல்லத் தட்ட, பலமுறை அது மீண்டும் இயங்கும். எனினும் அது வீடு வந்து சேர்வதற்கான உபாயம் மாத்திரமே. வந்த பின் முனைகளைத் துப்புரவாக்குதல் வேண்டும். ஓசை நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தால் பெற்றோல் தீர்ந்திருக்கலாம், அல்லது எங்கேனும் ஒழுகலாம். ஒழுகும் பெற்றோலும் பழைய மின்கம்பியும் ஒன்று சேர்ந்தால் தீ மூளும்.

மேற்கூறியவை கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவன. மைனரில் உயிராபத்துக்குக் காரணமான இரண்டு இடங்களோ எளிதிற் கண்ணுக்கு எட்டாதவை. அவற்றை அறியாதவர் வண்டியைப் பளபளப்பாக வைத்திருந்தும் பயனில்லை.

முதலாவது, முன்சில்லுகளைத் தாங்கி நிற்கும் நிலைக்குத்தான ஆணி. மெக்கானிக்குகள் இதனைக் கிங்பின் என்பர். மைனரில் இவ்வாணி மேலும் கீழும் புரியிட்ட மூட்டுகளுக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஆணி அப்புரிகளுக்குள் சுழலும். வண்டியின் முற்பாரமும் அப்புரிகளின்மேலேயே தங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் மேலொன்று கீழொன்றாகக் கிறீஸ் முலைகள் உண்டு. 1,000 மைலுக்கு ஒரு முறை அவற்றிற் கிறீஸ் ஏற்றினால் புரிகள் நெடுங்காலம் உழைக்கும். ஏற்றாவிடின் புழுதியும் நீரும் உட்புகுந்து புரிகளை அரைத்துவிடும். அரைபட்ட புரி ஒரு நாள் பிடிவிட, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து, வண்டியின் மூக்கு நிலத்தில் இடிக்கும். வாசலில் வண்டியைத் திருப்பும்போது இது நேர்ந்தால் பம்பரோடு போகும். நெடுந்தெருவில் வேகமாகச் செல்லும்போது நேர்ந்தால் என்னவாகுமென்று விரித்துரைக்க வேண்டியதில்லை. இதனைத் தடுப்பது சிறிதளவு கிறீஸும் கால்மணி நேர வேலையுமே. ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று: சில்லு நிலத்தைத் தொட்டு நிற்கும்போது பாரம் புரிகளை இறுக்குவதால் கிறீஸ் எல்லாப் பக்கமும் பரவாது. முன்புறத்தை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்தி, பாரம் நீங்கிய பின் ஏற்றுவதே பயன்தரும். உயர்த்தியிருக்கும்போதே சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தால் தேய்மானமும் தெரியவரும்.

இரண்டாவது, பிறேக்கின் தலைமை உருளை. பிற்காலக் கார்களில் இது பொனற்றைத் திறந்தவுடன் காட்சிதரும். மைனரிலோ சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே மறைந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி, தகட்டிலுள்ள மூடியை அகற்றினால்தான் எண்ணெயின் அளவைக் காணலாம். கண்ணிற் படாதது கருத்திலும் படாது போதல் உலக இயல்பு. ஆண்டுக்கணக்காக இவ்விரிப்பைத் தூக்காதோரும் உளர். மைனரின் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் எண்ணெய் செல்வது ஒரே தொகுதிக் குழாய்களால். ஓரிடத்தில் ஒழுகி எண்ணெய் தீர்ந்துவிட்டால் நான்கு சில்லுகளிலும் பிறேக் அற்றுப்போம். கம்பியால் இயங்கும் கைப்பிறேக் ஒன்றே எஞ்சும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய் சூடேறும்போது கொதித்து ஆவியாகும்; அப்பொழுது மிதி பஞ்சுபோல் அமிழும். ஆதலின் அளவு குறையாவிட்டாலும் இரண்டாண்டுக்கு ஒரு முறை எண்ணெயை முற்றாக மாற்றுதல் நலம்.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்குவோர் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். மைனரின் நான்கு சில்லுகளிலும் உள்ளவை டிறம் பிறேக்குகள். நெடுந்தூரம் தொடர்ந்து அழுத்தினால் அவை காய்ந்து பிடியிழக்கும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குதல் என்பது பழைய சாரதிமார் கைக்கொண்ட விதி. எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்க, பிறேக் இளைப்பாறும்.

கடற்கரைப் பகுதியில் வாழ்வோர்க்குத் துரு மற்றொரு பகை. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலும் அடியும் ஒன்றாக ஒட்டப்பட்ட அமைப்பு அது. கதவின் கீழுள்ள நீள்பெட்டிகளும், பின்வில்லுகள் பூட்டப்படும் இடங்களும், குறுக்குச் சட்டமும் துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே உக்கியதற்குச் சமம். ஜக்கை அதற்குரிய துவாரத்திற் செருகி உயர்த்தும்போது, வண்டி எழாது ஜக்கு மாத்திரம் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலேறிய வேடிக்கை பல வீடுகளில் நடந்ததுண்டு. உக்கிய தகட்டின்மேல் புதுத்தகடு ஒட்டிச் சாயம் பூசுதல் புண்ணை மூடி மறைப்பது போன்றது. வாங்குவோர் மேற்சாயத்தை நோக்குமுன் படுத்துக் கிடந்து அடிப்பாகத்தை நோக்குக.

இனித் துணைக்கருவிகளுக்கு வருவோம். யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பின்னிற்கலாகாது என்பர். ஆனால், அங்குசத்தை மறந்து நெற்றிப்பட்டத்துக்குச் செலவிடுவோரே பலர். துணைக்கருவிகளை உயிர் காப்பன, வசதி தருவன, அழகு காட்டுவன என மூன்றாக வகுத்துக்கொண்டால் பணப்பையும் பிழைக்கும்.

உயிர் காப்பனவற்றுள் முதன்மையானது இருக்கைப் பட்டி. மைனரின் தொடக்க காலத்தில் அது வழக்கத்தில் இருக்கவில்லை. இலங்கையில் 2011ஆம் ஆண்டு முதல் சாரதியும் முன்னிருக்கையில் இருப்பவரும் பட்டி அணிதல் சட்டமாயிற்று. பழைய வண்டியிற் பட்டி பூட்டும்போது, அதன் முனைகளை உறுதியான இடத்தில், பின்னால் உருக்குத் தகடு வைத்து இறுக்குதல் வேண்டும். துருவேறிய தகட்டிற் பூட்டிய பட்டி ஆபத்துவேளையிற் கையோடு வந்துவிடும். குழந்தையை மடியில் வைத்து முன்னிருக்கையில் அமர்தலை அடியோடு விடுதல் நன்று.

அடுத்தது திருப்பக் குறிகாட்டி. 1961ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மைனர்களில் கதவுத் தூணிலிருந்து ஒளியுடன் வெளியே நீளும் சிறு கைகளே குறிகாட்டிகள். அவை காண்பதற்கு இனியவை. ஆயினும் இன்றைய முச்சக்கர வண்டிக்காரரும் மோட்டார்ச் சைக்கிள்காரரும் அவற்றை அறியார். அறியாதவர்க்குக் காட்டும் சைகை காட்டாத சைகையே. அழகுக்காக அவற்றை வைத்திருப்பினும், முன்னும் பின்னும் மின்னும் விளக்குகளைப் பூட்டுதல் வேண்டும். பக்கக் கண்ணாடிகளும், கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிறு தீயணைப்பானும் இவ்வகையைச் சேர்ந்தவை. வண்டியோடு வந்த சுழற்று ஹாண்டிலையும் எறிந்துவிடலாகாது. பற்றறி சோர்ந்த நாளில் அதுவே துணை. அதனைப் பிடிக்கும்போது பெருவிரலையும் மற்றை விரல்களின் பக்கமாகவே வைத்துக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்துதைத்தால் குறுக்கே சுற்றிய பெருவிரல் முறியும்.

வசதி தருவனவற்றுள் றேடியோவை நேயர்கள் முதலில் எண்ணுவர். மைனரில் பற்றறியின் நேர்முனையே உடற்றகட்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். இக்கால றேடியோக்கள் எதிர்முனை உடலோடு இணைந்த வண்டிகளுக்கெனச் செய்யப்பட்டவை. இதனை அறியாது பூட்டினால் முதற்பாட்டு முடியுமுன் றேடியோ கருகிவிடும். வண்டியின் இணைப்பை மாற்ற வேண்டின், டைனமோவின் காந்தமுனையையும் அதற்கேற்ப மாற்றத் தெரிந்த மின்வேலைக்காரரை நாடுக. ஒலிக்கிடையே எழும் கரகரப்பு பிளக்குகளின் தீப்பொறியால் வருவது. அதனை அடக்கச் சிறு கருவிகள் உண்டு.

வெயில் மறைப்பு, இறப்பர் விரிப்பு, பருத்தி இருக்கையுறை ஆகியவை நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்றவை. விரிப்பை மாதமொரு முறை தூக்கி உலர்த்தாவிடின் அதன்கீழ் நீர் தங்கித் தரை உக்கும். தூக்கும்போதே பிறேக் எண்ணெயையும் பார்த்துவிடலாம். கூரைத் தட்டு பிரயாணத்துக்கு உதவும். ஆனால், மேலேற்றும் பாரம் வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும் இயல்புடையது. பாரமானவற்றைப் பின்பெட்டியிலும் இலேசானவற்றைக் கூரையிலும் வைத்தல் விதி. வெப்பமூட்டி நுவரெலியாவிற் சுகம்; கொழும்பில் வீண் போலத் தோன்றும். ஆயினும் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும் வேளையில் அதனைத் திறந்துவிட்டால் வெப்பத்தின் ஒரு பங்கு அவ்வழியே வெளியேறும்.

அழகு காட்டுவனவற்றுக்கு எல்லையில்லை. பலகுரல் ஹோர்ண், குரோமிய வளையம், நிற விளக்கு, அகன்ற டயர் என அவை பெருகும். வளையமும் நிறமும் தீங்கற்றவை. அகன்ற டயரோ ஸ்டியறிங்கைப் பாரமாக்கி, முன்கூறிய புரிகளையே மேலும் வருத்தும். ஒரு வண்டியில் இருவகை டயர்களைக் கலந்து பூட்டுதலும் தவறு. குறிப்பாக முன்னே றேடியல், பின்னே பழைய குறுக்கிழை டயர் என்றமைந்தால் ஈரத்தெருவில் வண்டியின் வால் வழுக்கும்.

பற்றாக்குறைக் காலங்களே பேணலின் பெறுமதியை உணர்த்தின. 1960களிலும் 1970களிலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதிய கார் அரிதானது. இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓடும் கலையில் இலங்கைக் கராஜ்கள் தேர்ச்சி பெற்றன. 1990களின் முற்பகுதியில் போர்க்காலத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. அக்காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் அதனைத் தாங்கியது. புதுவகை எஞ்சின்கள் பலவற்றுக்கு அது இயலாது. ஆயினும், எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெயை அடிக்கடி மாற்றியவரின் வண்டி பிழைத்தது. மாற்றாதவரின் எஞ்சின் தேய்ந்தது. நோயாளரும் பிரசவ வேதனையுற்ற தாய்மாரும் ஆசுபத்திரி சேர்ந்தது அப்புகை கக்கிய வண்டிகளாலே.

2022ஆம் ஆண்டிலும் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தது; கியூ.ஆர். முறையில் வாரப் பங்கீடு வந்தது. அப்பொழுது பிளக்கின் இடைவெளியையும் டயரின் காற்றையும் கவனித்தவர் அளந்து கிடைத்த பெற்றோலில் கூடிய தூரம் சென்றனர். இவ்வனுபவமெல்லாம் வீண்போகவில்லை. 1990களில் மைனருக்கான உடற்றகடுகளும் பிற பாகங்களும் இலங்கையிற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. பிறந்த நாட்டுக்கே மருந்து அனுப்பிய பெருமை இந்நாட்டுக் கைவினைஞருக்கு உரியது.

கார் வைத்திருப்போர் செலவு செய்யும் ஒழுங்கை இவ்வாறு அமைத்துக்கொள்வராக: முதலிற் பிறேக், அடுத்துக் கிங்பின்னும் ஸ்டியறிங்கும், பின் டயர், அதன்பின் அடித்தகடு, அதன்பின் எஞ்சின், ஈற்றில் சாயமும் அலங்காரமும். ஓடாத எஞ்சின் வீட்டு வாசலில் நிற்கும், எவரையும் கொல்லாது. நில்லாத வண்டியே கொல்லும். வண்டியின் பெட்டியில் ஒரு கொப்பியை வைத்து, கிறீஸ் ஏற்றிய திகதியையும் மைலையும், எண்ணெய் மாற்றிய திகதியையும் எழுதிவருதல் ஒவ்வொரு வீட்டுக்கும் உகந்த வழக்கம். பிள்ளைகளில் மூத்தவரிடம் அக்கொப்பியை ஒப்படைத்தால், வண்டியைப் பேணும் அறிவும் வண்டியோடு அடுத்த தலைமுறைக்குச் சேரும்.